கால் பவுண்டுத் தேயிலை

ஃபெலிம் மல்வனர்ட்டிக்கு
நான் ஓட்டுப் போடவில்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
இன்று அவர் பெட்டிக்குப் பின்னால்
கணுக்கால் சேற்றில் நடந்த முந்நூறு பேரில்
பாதிக்கு மேல் போடவில்லை.
அவர்கள் சொல்லமாட்டார்கள்.

எண்பத்தொன்றில்,
நான் பிறக்க இன்னும் மூன்று வருஷம் இருக்கையில்,
மாட்டுச் சந்தையில் வண்டிமேல் ஏறி நின்று
குத்தகை கொடுக்காதே என்று கத்தினாராம்.
ஸ்லைகோ சிறையில் ஏழு மாதம்.
திரும்பி வந்த இரவு
லீட்ரிமில் குன்றுக்குக் குன்று தீ மூட்டினார்கள்.
அந்தத் தீயைப் பற்றிப் பேசினால் மட்டும்
என் அப்பாவுக்குக் குடிக்காமலே முகம் சிவக்கும்.

பிறகு கடை.
முன்பக்கம் மளிகை, பின்பக்கம் மது,
நடுவே ஒரு மேசை, மைக்கூடு.
வயலில் தண்ணீர் நிற்கிறதா, முதியோர் பென்ஷனா,
மகனுக்குத் தபால் உத்தியோகமா,
மேசைக்கு வா.
கடிதம் இலவசம்.
ஆனால் வெறுங்கையோடு வெளியே வர யாருக்கு மனசு வரும்?
அரைப் பவுண்டு சர்க்கரையாவது வாங்குவோம்.
அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்,
தராசுக்கும் தெரியும்.

லண்டனில் பதினெட்டு வருஷம்.
வாய் திறந்தது பதினோரு முறை,
அதில் ஒன்பது டெரிமல்லன் பாலத்துக்காக.
சாம்ராஜ்யத்தின் கடற்படைக் கணக்கு ஓடும் நள்ளிரவில்
எழுந்து நின்று
எங்கள் ஆறு அடித்துப்போன ஒரு பசுவைப் பற்றிச் சொன்னாராம்.
சிரித்தார்களாம்.
பசுவின் பெயரையும் சொன்னாராம்.
பாலம் வந்தது.

பெண்களுக்கு ஓட்டா என்ற கேள்வி வந்தபோது
வேண்டாம் என்கிற வாசல் வழியே நடந்தவர் அவர்.
"கட்சி சொன்னது" என்றார்
என் முகம் பாராமல்
மெழுகுவத்திகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டே.

பதினான்கில்
அதே சந்தை, இன்னொரு வண்டி.
இந்த முறை: பட்டாளத்துக்குப் போங்கள்,
திரும்பும்போது நம் நாடு நம் கையில்.
உடம்பைப் போலவே குரலும் தடித்திருந்தது.
என் ஹ்யூபர்ட் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தான்.
குதிரைக் காலடியில் கிடந்ததை
நான்தான் தேடி எடுத்தேன்.
தொப்பி வீட்டில் இருக்கிறது.

விதவைப் பணத்துக்கான படிவத்தை
அவரே நிரப்பினார்.
"இறந்த இடம்" என்ற கோட்டில் பேனா நின்றது.
பிரெஞ்சுப் பெயர். எழுத்துக்கூட்ட வரவில்லை.
தாளை என் பக்கம் திருப்பினார்.
எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?
இரண்டு பேருமாக
ஓர் ஊரின் பெயரைத் தப்பாக எழுதினோம்.
பணம் வந்தது.

பதினெட்டு டிசம்பர். மழை.
எனக்கு முப்பத்துநான்கு வயது, முதல் ஓட்டு.
பள்ளிக்கூட அறை, நூலில் கட்டிய பென்சில்.
எதிர்த்து நின்ற பையனுக்கு இருபத்தாறு.
சிறையில் இருந்தான்.
அதுவே அவனுக்குப் பிரசாரம்,
ஒருகாலத்தில் இவருக்கு இருந்தாற்போல.
அவன் பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டேன்.
கை நடுங்கவில்லை.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முடிவு வந்த வாரம் வீட்டில் தேயிலை தீர்ந்தது.
அடுத்த கடை ஏழு மைல்.
போனேன், அவரிடமே.
கால் பவுண்டு, என்றேன்.
முள் நேராக நின்ற பிறகும்
ஒரு சிட்டிகை கூடப் போட்டார், எப்போதும் போல.
"நனையாமல் கொண்டுபோ."
அவ்வளவுதான்.
தெரிந்து சொன்னாரா, தெரியாமலா?
ஆறு வருஷமாகிறது.

இன்று பாலத்தின் நடுவில்
சுமந்தவர்கள் தோள் மாற்ற நின்றார்கள்.
கல்லில் யார் பெயரும் இல்லை.
கீழே ஆறு
கரிச்சேற்று நிறத்தில் பெருகிப் போனது.
அந்தப் பசுவின் பெயர் என்ன என்று
சும்மாதான் கேட்டேன்.
மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள்.
கல்லறை வாசல்வரை
அதே சண்டை.